படகு நின்றாலும் அலை நிற்காது

இங்கிலாந்தும் வேல்ஸும் சேரும் பக்கத்தில் லங்கோத்லன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தில் வேறு மாதிரி இருக்கும். வேல்ஸ்காரர்கள் வாயில் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஓர் ஆகஸ்ட் மாலை அங்கே வாடகைப் படகைக் கரையில் கட்டிவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து இன்னொரு படகு வந்தது. அதை வேகம் என்று சொன்னால் சிரிப்பார்கள். கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை முந்திப் போனார். அந்தப் படகு எங்களைத் தொடவில்லை, பெரிய அலையும் எழவில்லை. ஆனாலும் எங்கள் படகு முதலில் பின்னால் நகர்ந்தது, அப்புறம் முன்னால் ஓடியது. மேடையிலிருந்த கோப்பை சறுக்கி விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தால், பின்பக்கம் அடித்திருந்த இரும்பு முளை புல்லும் மண்ணுமாகப் பிடுங்கிக்கொண்டு கயிற்றோடு தண்ணீரில் கிடந்தது.

அடுத்த படகு அம்மாள் "ஸ்லோ டவுன்!" என்று கத்தினார். போகிறவர் திரும்பிப் பார்த்து, இதைவிட மெதுவாக எப்படிப் போவது என்பது போல இரண்டு கையையும் விரித்தார்.

தப்பு யார் மேல் என்று அன்றைக்குப் புரியவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டதில் கொஞ்சம் அவர் மேல், நிறைய எங்கள் மேல் என்று தெரிந்தது.

இந்தக் கால்வாய்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்டவை. கரையில் குதிரை நடக்கும், படகு பின்னால் வரும். சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட, இன்று தண்ணீரில் மிதப்பது பெரும்பாலும் விடுமுறைக்காரர்களும் படகிலேயே குடியிருப்பவர்களும்தான். படகின் பெயர் நேரோபோட். பெயருக்கேற்ப ஒடுக்கம். அகலம் 2.1 மீட்டர், நீளம் 21 மீட்டர் வரை போகும். நடுத்தரப் படகே 15 முதல் 20 டன் எடை இருக்கும். வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது சுமார் 6.4 கிலோமீட்டர்.

சரி, இவ்வளவு மெதுவாகப் போகும் ஒன்று, தொடாமலே பக்கத்துப் படகை எப்படி இழுக்கிறது?

படகு முன்னே நகர்ந்தால், அது இடம்பெயர்க்கும் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். ஏரியில் என்றால் நாலாபக்கமும் விரிந்து போய்விடும். கால்வாயில் அதற்கு ஒரே வழி, படகுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகப் பின்னால் ஓடுவது. ஒரு சின்னக் கால்வாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும் படகின் நீருக்கடியிலுள்ள பாகம் சுமார் 1.25 சதுர மீட்டரை அடைக்கிறது. கரையில் கட்டிய படகு இன்னொரு 1.25. மீதி 5.5. படகு வரம்பு வேகத்தில், நொடிக்கு 1.8 மீட்டரில் போனால், இந்தச் சந்தில் தண்ணீர் நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் பாயும்.

ஓட்டம் வேகமெடுக்கும் இடத்தில் நீர்மட்டம் இறங்கும். பெர்னூலி விதி என்று பள்ளியில் படித்தது இதுதான். மேலே சொன்ன எண்களைப் போட்டால் சுமார் 8 சென்டிமீட்டர் இறக்கம் வருகிறது. கால்வாயில் போகும் படகின் பக்கவாட்டில் கரையைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். நாணல் வேரிலிருந்து தண்ணீர் உறிஞ்சினாற்போல விலகிச் சேறு தெரியும், படகு தாண்டியதும் திரும்பி வந்து மூடிக்கொள்ளும். ஓடும் படகு தான் வெட்டிய ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பள்ளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

கட்டிய படகுக்கு அந்தப் பள்ளம் ஒரு சரிவு. பின்னாலிருந்து பள்ளம் நெருங்கும்போது அதை நோக்கிப் பின்னால் வழுக்கும். பள்ளம் தாண்டி முன்னே போனதும் அதைத் துரத்திக்கொண்டு முன்னால் ஓடும். எங்கள் கோப்பை விழுந்த கதை இவ்வளவுதான். அலையில் ஆடியிருந்தால் இடவலமாக ஆடியிருக்கும். நாங்கள் பட்டது நீளவாக்கில் ஓர் இழுப்பு.

பாதி வேகத்தில் போயிருந்தால்? இறக்கம் பாதியாகாது, கால்வாசியாகும். 8 சென்டிமீட்டர் 2 ஆகிவிடும். கட்டிய படகுகளைத் தாண்டும்போது எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு ஊர வேண்டும் என்ற வழக்கத்துக்கு இந்த வர்க்கக் கணக்குதான் அடிப்படை.

கையை விரித்தவரின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். லங்கோத்லன் கால்வாய் மற்றவை போலத் தேங்கி நிற்பதில்லை. ஹார்ஸ்ஷூ அருவி என்ற தடுப்பணையில் டீ (Dee) என்ற ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரை கொண்டுபோகும் வாய்க்காலும் இதுவே. அவர் எதிரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தார். கரையில் நிற்கும் மரத்தைப் பார்த்தால் நடை வேகம்கூட இல்லை. ஆனால் பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது, தண்ணீரைப் பொறுத்து அவர் போன வேகம். அது அவர் நினைத்ததைவிட அதிகம். கண் கரையைப் பார்க்கிறது, படகு தண்ணீரைத்தான் அறியும்.

இனி எங்கள் தப்பு.

17 மீட்டர் படகின் இரு முனைகளுக்கும் நடுவே நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டால், 18 டன் படகை இழுக்கும் விசை எவ்வளவு? சுமார் 50 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டின் எடை, அவ்வளவுதான். நன்றாக அடித்த முளை இதைச் சுலபமாகத் தாங்கும். பின் ஏன் பிடுங்கியது?

மாடு கன்று வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கன்றை முளைக்கு நெருக்கமாகக் கட்டினால் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். கயிற்றை நீளமாக விட்டால் துள்ளி ஓடி, கயிறு முடியும் இடத்தில் ஒரு வெட்டு வெட்டும். அப்போதுதான் முளை எகிறும். எங்கள் கயிற்றில் அரை மீட்டர் தொய்வு இருந்தது. படகு அந்த அரை மீட்டரும் 50 கிலோ விசையில் தடையில்லாமல் ஓடி வேகம் சேர்த்துக்கொண்டது. அதை நிறுத்தக் கயிற்றுக்குக் கிடைத்ததோ 5 சென்டிமீட்டர் நீட்சி. பத்தில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் விசை பத்து மடங்காகிறது. அரை டன். ஈரமண்ணில் நின்ற முளைக்கு அது போதும்.

கட்டும் கோணமும் முக்கியம். கரைக்கு நேர் செங்குத்தாகப் போகும் கயிறு படகைக் கரையோடு சேர்த்து வைக்குமே தவிர, முன்பின் ஓட்டத்தைத் தடுக்காது. ஊஞ்சல் போல விட்டுவிடும். ஆகவே முன்கயிறு முன்னால் சாய்வாகவும் பின்கயிறு பின்னால் சாய்வாகவும் போக வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் இவற்றுக்கு எதிர்த்திசையில் குறுக்காக ஒரு கயிறு. அதை ஸ்பிரிங் என்பார்கள்; சுருள்வில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூரை நடுவில் இருக்கும் கயிற்றை, கரையேறும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். ராத்திரி முழுக்க அதிலேயே கட்டி வைத்தால், ஒவ்வொரு படகு தாண்டும்போதும் உயரத்திலிருந்து இழுபட்டுப் படகு சாயும். முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். கூடவே இருட்டில் நடப்பவர் காலில் தட்டாமல் இருக்க, வெள்ளைப் பிளாஸ்டிக் பையோ காலி பாட்டிலோ மாட்டிவைப்பார்கள். கயிறு ஒருபோதும் நடைபாதையின் குறுக்கே போகக் கூடாது.

அடுத்து, எங்கே வேகத்தைக் குறைப்பது? புதிதாக ஓட்டுபவர்கள் கட்டிய படகின் அருகில் வந்தபின் குறைக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும். இது ஏன் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1834இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், இரண்டு குதிரைகள் இழுத்த படகொன்று திடீரென நின்றது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். படகு நின்றது, ஆனால் அது சுமந்துவந்த தண்ணீர் நிற்கவில்லை. மூக்கருகே குவிந்து, வழவழப்பான ஒற்றை மேடாகத் திரண்டு தனியே கிளம்பிவிட்டது. ரஸ்ஸல் குதிரையில் ஏறித் துரத்தினார். ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி உயரம், மணிக்கு 8, 9 மைல் வேகம். ஒன்றிரண்டு மைல் போனபின்தான் வளைவுகளில் அதைத் தவறவிட்டார். இன்று சாலிட்டன் என்று இயற்பியலில் பேசப்படும் தனியலை முதலில் கண்ணில் பட்டது இப்படித்தான்.

வாடகைப் படகில் அவ்வளவு அழகான அலை எழாது. ஆனால் நியதி ஒன்றுதான். 1.2 மீட்டர் ஆழத் தண்ணீரில் நீண்ட அலை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். விரிந்து கரையக் கால்வாயில் இடமில்லை. நீங்கள் கடைசி நிமிடத்தில் எஞ்சினைத் தணித்தால், உங்கள் படகின் பின் அலை உங்களையே முந்திக்கொண்டு போய் அடுத்தவர் கோப்பையைத் தள்ளும். ஆகவே முதல் படகுக்குப் பல படகு நீளம் முன்பே தணித்துவிட வேண்டும், கடைசிப் படகைத் தாண்டும்வரை மறுபடி முறுக்கக் கூடாது.

கயிற்றை விறைப்பாகக் கட்டு என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பிராட்ஸ் பகுதியில் செய்தால் வம்பு. இடைக்காலத்தில் எரிப்பதற்காகக் கரிமண் (பீட்) வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டான ஏரிகள் அவை. இயற்கை ஏரிகள் என்றே வெகுகாலம் நம்பினார்கள். ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் 1950களில் மண்ணைத் துளைத்துப் பார்த்துத்தான் உண்மையைக் காட்டினார். அந்த ஆறுகளில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. விறைப்பாகக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், வற்றத்தில் படகு கயிற்றில் தொங்கும். அங்கே தந்திரம், தூரமாகக் கட்டுவது. 5 மீட்டர் தள்ளிக் கட்டிய கயிறு, படகு 1 மீட்டர் இறங்கினாலும் 10 சென்டிமீட்டர்தான் கூடுதலாகக் கேட்கும். பிதாகரஸைப் போட்டுப் பாருங்கள். ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் வேறு தொல்லை. பல இடங்களில் நீருக்கடியில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருப்பதால் படகு கரையை ஒட்டவே ஒட்டாது. நடுவில் டயரைக் கொடுத்துத்தான் கட்டுகிறார்கள்.

பாக்கியிருப்பது இடப்பஞ்சம். லங்கோத்லன் வழியில் 38 மீட்டர் உயரத்தில் போகும் பொன்ட்கசுத்தே நீர்ப்பாலம் இருக்கிறது. 1805இல் திறந்தது, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோடையில் அங்கே பிற்பகலிலேயே கரை நிறைந்துவிடும். நிறைந்த மாதிரித் தெரியும் என்று சொல்வது சரி. ஹங்கேரியக் கணிதவியலாளர் ஆல்ஃபிரெட் ரேன்யி 1958இல் இதைக் கணக்காகவே போட்டார். ஒரே நீளமுள்ள வண்டிகள் நீண்ட தெருவோரத்தில் கிடைத்த இடத்தில் எல்லாம் நின்றால், இனி ஒன்றுகூட நுழையாது என்ற நிலையிலும் சுமார் 75 சதவீத நீளமே நிரம்பியிருக்கும். 300 மீட்டர் கரையில் 17 மீட்டர் நீளப் படகுகள் ஒட்டி நின்றால் 17 நிற்கும். இஷ்டத்துக்கு நின்றால் ஏறக்குறைய 13. மீதி நாலு படகுக்காரர்கள் இருட்டும்வரை இடம் தேடி அலைவார்கள். முன்னால் நிற்பவரோடு ஒட்டி நில், வளையத்தைப் பகிர்ந்துகொள், யாராவது வந்தால் இரண்டடி நகர்ந்து கொடு என்பதெல்லாம் அந்த 25 சதவீதத்தை மீட்கத்தான். லாக் எனும் படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகளின் வாசல், குடிநீர்க் குழாய், படகு திருப்பும் அகலமான இடம், பாலத்தின் அடி: இங்கெல்லாம் எவ்வளவு காலியாக இருந்தாலும் கட்டக் கூடாது. இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது. லண்டன் போன்ற இடங்களில் ஒரு படகோடு இன்னொன்றை அணைத்துக் கட்டுவது சகஜம். கேட்டுவிட்டுக் கட்டவேண்டும், அவர்கள் முன்தளம் வழியாகத்தான் கரைக்குப் போகவேண்டும்.

மறுநாள் எங்களுக்கும் இடமில்லை. கரையில் நாற்காலி போட்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்தார். அவரும் அவருக்கு முன்னால் இருந்தவரும் ஆளுக்கு இரண்டு மீட்டர் நகர, எங்கள் படகு சரியாக நுழைந்தது. நான் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவர் வந்து கயிற்றின் நடுவில் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் அவிழ்த்து, தொய்வை இழுத்து, இரண்டடி பின்னால் இருந்த வளையத்தில் மாற்றிக் கட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.