விசுவல் பேசிக்கிலிருந்து டொட் நெட்டுக்கு: அனுபவமுள்ள நிரலாளரின் பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் நான் பயிற்சிக்காகச் செல்லும் அலுவலகங்களில் அடகுக் கணக்கு, மருந்துக்கடை இருப்பு, சம்பளப் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்கும் மென்பொருள்கள் பல இன்னமும் விசுவல் பேசிக் 6 இலேயே இருக்கின்றன. 1998 இல் வெளிவந்த அந்த மொழியின் உருவாக்கச் சூழலுக்கு மைக்ரோசொப்ட் அளித்துவந்த ஆதரவு 2008 ஏப்ரலில் முடிவடைந்துவிட்டது. எனினும் அதில் எழுதிய மென்பொருள்கள் விண்டோஸ் 11 இலும் ஓடுவதால் உரிமையாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிளைகளை இணையத்தால் இணைக்க வேண்டும், கைபேசியில் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற தேவை வந்த பிறகே, இத்தனை ஆண்டுகளாக அந்த மென்பொருளைக் கட்டிக்காத்த நிரலாளரை சி ஷார்ப் என்ற நிரல்மொழியைக் கற்பிக்கும் வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார்கள். சில மாதங்களில் அவர் அம்மொழி இயங்கும் மைக்ரோசொப்டின் டொட் நெட் தளத்துக்கு மாறிவிடுவார் என்றும் நம்புகிறார்கள். பெரும்பாலும் அவர் மாறுவதில்லை.

அவ்வகுப்புகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வரும் மாணவர்களுக்காக அமைக்கப்பட்டவை. மாறி என்றால் என்ன, சுழற்சியை எப்படி எழுதுவது என்று தொடங்கும் பாடத்தில் அவருக்குப் புதிதாக எதுவும் இல்லை. நிரலில் ஒரு வகுப்பு (கிளாஸ்) இன்னொன்றின் நிரலை அப்படியே பெறும் மரபுரிமை பற்றிய பாடம் வரும்போது விலங்கு என்ற வகுப்பிலிருந்து நாயையும் பூனையையும் உருவாக்கிக் காட்டுகிறார்கள். அடகு வட்டிக் கணக்குக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை எவரும் சொல்வதில்லை. மூத்த நிரலாளர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "தம்பி, உந்தச் சொல்லெல்லாம் எனக்கு விளங்குது. என்ரை புறோகிராமை எங்கை வைச்சு உடைக்கிறது எண்டு காட்டுங்கோ." பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அவர் எழுதிய மென்பொருளே அவருக்குரிய பாடநூலாக இருக்க வேண்டும்.

முதலில் கற்பிக்க வேண்டியவை, பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் விடையை மாற்றிவிடும் வேறுபாடுகள். விசுவல் பேசிக் 6 இல் ஒரு செயற்கூற்றுக்கு (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டுக்கு) அனுப்பப்படும் மாறி, வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், மூல மாறியாகவே போகிறது. டொட் நெட்டில் அதன் மதிப்பின் பிரதிதான் போகிறது. மீதித் தொகையை உள்ளே குறைத்துவிட்டு வெளியே அந்தக் குறைவை எதிர்பார்த்த பழைய நிரல், புதிய தளத்தில் மீதியைக் குறைக்காமலே அமைதியாக ஓடும். முழு எண்களுக்கான இன்டிஜர் வகை 16 பிட்டிலிருந்து 32 பிட்டாகவும், லோங் வகை 32 இலிருந்து 64 ஆகவும் மாறியிருப்பதால், நிலையான நீளமுள்ள பதிவுகளாக எழுதப்பட்ட பழைய தரவுக் கோப்புகளை அதே பெயர் கொண்ட வகைகளால் வாசித்தால் எண்கள் குழம்பிவிடும். பணத்துக்குப் பயன்பட்ட கரன்சி வகை நான்கு தசம இடங்களோடு நின்றுவிடும். டொட் நெட்டில் அதற்குப் பதிலாக வரும் டெசிமல் வகை அதைவிட நுணுக்கமாக வைத்திருக்கும். ஆகவே நாளுக்கு நாள் சேரும் அடகு வட்டியில் சதக் கணக்கு வேறுபடலாம். நகையை மீட்க வந்தவரிடம் பழைய பற்றுச்சீட்டில் ஒரு தொகையும் புதியதில் இன்னொரு தொகையும் இருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் முன்மேசையில் இருக்கும் ஊழியர்.

இன்னொரு வேறுபாடு சோதனையின்போது வெளிப்படாது. பழைய தளத்தில் ஒரு பொருளை (வகுப்பிலிருந்து நினைவகத்தில் உருவாகும் அலகை) சுட்டும் கடைசி மாறி விலகியவுடனேயே அப்பொருள் அழிந்துவிடும். அதோடு அது பிடித்து வைத்திருந்த வளங்களும் விடுபடும். டொட் நெட்டில் நினைவகத்தைத் துப்புரவாக்கும் பொறிமுறை தனக்கு வசதியான நேரத்தில்தான் வரும். தரவுத்தள இணைப்பை, வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் யூசிங் கட்டளைக்குள் வைத்து மூடாமல் விட்டால், எஸ்.கியூ.எல். சேர்வர் தரவுத்தளத்துக்கான இணைப்புத் தொகுப்பின் இயல்பான உச்ச வரம்பான 100 இணைப்புகளும் தீர்ந்துபோக, அடுத்த வாடிக்கையாளருக்கான திரை 15 செக்கன் காத்திருந்துவிட்டுப் பிழை காட்டும். ஒருவரே இருந்து சோதித்த மென்பொருள், கடையில் கூட்டம் சேரும் நேரத்தில் நின்றுபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ என்ற பழைய கட்டளையின் பழக்கத்தில், பிழையைப் பிடித்துக் கையாள வேண்டிய கேட்ச் பகுதிகளை வெறுமையாக எழுதிவைத்திருந்தால், அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும்.

பொருள்நோக்குச் சிந்தனையை அதன் பிறகுதான் எடுக்க வேண்டும்; அதையும் அவருடைய நிரலுக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். பெறுமதிசேர் வரி 2019 டிசெம்பரில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் எத்தனை படிவங்களின் பொத்தான் நிரல்களைத் திறந்து எண்ணை மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள். வீதம் மாறிய பின் திரும்பி வந்த சரக்குக்கு, விற்ற நாளின் வீதத்தில் வரியைக் கழிக்க முடியாமல் கையால் எழுதிக் கொடுத்ததையும் அவர் சொல்லக்கூடும். திகதியைக் கொடுத்தால் அந்த நாளுக்குரிய வீதத்தைத் திருப்பித் தரும் ஒரேயொரு வகுப்பை அவரையே எழுத வைத்து, மற்ற எல்லா இடங்களும் அதனிடம் மட்டுமே கேட்கும்படி செய்தால், தரவையும் அதன்மீதான செயலையும் ஒன்றாகப் பொதிந்து வைப்பதன் பயனை அவர் தம் கையாலேயே கண்டுகொள்வார்.

மரபுரிமையில் எதிர்ப்பக்கத்து ஆபத்து இருக்கிறது. விசுவல் பேசிக் 6 இல் ஒரு வகுப்பின் நிரலை இன்னொரு வகுப்பு அப்படியே பெறுவதற்கு வழி இருக்கவில்லை. அந்த வசதி கிடைத்ததும் அனுபவமுள்ளவர்கள் அதை எல்லா இடத்திலும் பயன்படுத்திவிடுகிறார்கள். சம்பளப் பட்டியலில் ஊழியர் என்ற வகுப்பிலிருந்து நிரந்தர ஊழியர், நாட்சம்பள ஊழியர் என்று இரண்டைப் பிரிப்பது முதற் பார்வைக்கு அழகாக இருக்கும். நாட்சம்பளத்தில் இருந்தவர் அடுத்த மாதம் நிரந்தரமாக்கப்பட்டால் என்ன செய்வது? ஒரு பொருள் தன் வகுப்பை மாற்றிக்கொள்ள முடியாது. பழையதை நீக்கிப் புதியதை உருவாக்கினால் அவருடைய விடுமுறைக் கணக்கும் சேவைக் காலமும் அறுந்துபோகும். ஊழியர் ஒரே வகுப்பாக இருந்து, சம்பள முறையைத் தனிப் பொருளாகத் தன்னுள் வைத்திருப்பதே இங்கு பொருந்தும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8, தொழில்தருநரிடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்கு 3 என்ற சதவீதங்கள் இரு சாராருக்கும் பொதுவானவை. அவை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியை அவரிடமே விட்டுவிடலாம்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு வேலை பாமினி எழுத்துருவிலுள்ள பழைய தரவு. பழைய தளத்தின் எழுத்துப் பெட்டிகள் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழைக் காட்டமாட்டா என்பதால், வாடிக்கையாளர் பெயர்கள் தரவுத்தளத்தில் உரோமன் எழுத்துகளாகக் கிடந்து, பாமினியில் பார்த்தால் மட்டும் தமிழாகத் தெரிகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியபின் எழுத்து எண்ணிக்கை பற்றிய பழக்கத்தையும் மாற்ற வேண்டும்: 'யாழ்ப்பாணம்' நமக்கு ஆறு எழுத்து, புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்படுவதால் சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தைக் கேட்டால் வரும் விடை 11. அந்த நீளத்தை நம்பிப் பற்றுச்சீட்டில் பெயரை வெட்டினால் புள்ளியும் காலும் பிரிந்து அச்சாகும்.

இவையெல்லாவற்றையும் இணைக்கும் பயிற்சி முறை ஒன்றுண்டு. பழைய மென்பொருள் கடந்த ஓராண்டுக்குத் தந்த அறிக்கைகளை எடுத்துவைத்து, புதிய நிரல் அதே தரவுக்கு அதே விடைகளைத் தருகிறதா என்று தானாகவே ஒப்பிடும் சோதனைகளை முதலில் எழுத வைக்க வேண்டும். வேறுபடும் ஒவ்வொரு வரியும் அந்த நாளுக்குரிய பாடம். இதில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் இளம் பட்டதாரி ஒருவரை மூத்தவருக்குத் துணையாக அமர்த்துவது மிகவும் பயன் தரும். இளையவருக்கு மொழி பழக்கமாக இருக்கும். நிரலின் நடுவே பொருத்தமில்லாமல் தெரியும் ஒரு நிபந்தனை எந்த வாடிக்கையாளரின் எந்த முறைப்பாட்டால் வந்தது என்பது மூத்தவருக்குத்தான் தெரியும். திருத்தங்களை எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல், இருவரும் ஒரே திரையின் முன் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்பதை இளையவரிடம் முன்கூட்டியே வலியுறுத்துங்கள். பதினைந்து ஆண்டு மூத்தவரின் முகம் வாடினால் பயிற்சி அன்றோடு முடிந்துவிடும்.

மொழித் தெரிவில் நான் சி ஷார்ப்பையே பரிந்துரைக்கிறேன். விசுவல் பேசிக் டொட் நெட் பழகிய முகமாக இருப்பதால்தான் மேற்சொன்ன வேறுபாடுகள் கண்ணில் படாமல் போகின்றன. மேலும் அதை ஒரு மொழியாக இனி வளர்க்கும் திட்டமில்லை என்று மைக்ரோசொப்ட் 2020 இலேயே அறிவித்துவிட்டது. பதிப்பைப் பொறுத்தவரை, இரட்டை எண் கொண்டவற்றுக்கே மூன்றாண்டு ஆதரவு கிடைக்கிறது. டொட் நெட் 8 இன் ஆதரவு 2026 நவம்பரில் முடிவதால், இப்போது தொடங்குவோர் 10 இல் தொடங்குவது நல்லது.

உரிமையாளர்களிடம் நான் கேட்பது நேரம். வேலை முடிந்து களைத்த மாலையிலோ, குடும்பத்துக்குரிய ஞாயிற்றுக்கிழமையிலோ இதைக் கற்கச் சொல்லாதீர்கள். காலையில் இரண்டு மணித்தியாலத்தைச் சம்பள நேரமாகவே ஒதுக்கி, அந்த வேளையில் வரும் தொலைபேசி அழைப்புகளை வேறொருவர் ஏற்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். முதலில் சிறிய பகுதி ஒன்றை, உதாரணமாக அறிக்கை அச்சிடுவதை மட்டும், புதிய தளத்துக்கு மாற்றுங்கள். அடகு, சம்பளம் போன்றவற்றில் இரண்டு மென்பொருள்களும் குறைந்தது ஒரு மாத முடிவைச் சேர்ந்தே கடக்க வேண்டும். இரு விடைகளும் பொருந்தியபின் பழையதை நிறுத்தும் நாளை அந்த நிரலாளரே குறிக்கட்டும்.