சுவருக்குத்தான் ஓனர் பாலிசி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து சில நாள் கழித்து, பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராகப் போயிருந்தேன். கட்டட உரிமையாளர் கிளைம் கேட்டிருந்தார். தரைத்தள வீட்டில் உப்பிப்போன சுவரை அளந்துகொண்டிருந்தபோது, அங்கே வாடகைக்கு இருந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "சார், அப்படியே எங்க ஃபிரிட்ஜையும் எழுதிக்கோங்க" என்றார்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ நிறையத் துணி, பையனின் பாடப் புத்தகங்கள். எல்லாம் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் ஊறியவை. எதையும் என்னால் எழுத முடியவில்லை. நான் மதிப்பிட வந்தது ஓனருடைய பாலிசியை. அதில் இருந்தது கட்டடம் மட்டும். "ஓனர் இன்சூரன்ஸ் போட்டிருக்காருன்னுதானே தைரியமா இருந்தோம்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஜாபர்கான்பேட்டையிலும் முடிச்சூரிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

ஓனர் பாலிசி எடுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக் கடன் கொடுத்த வங்கி கேட்டதுதான். வங்கிக்குக் கட்டடம் நின்றால் போதும். உள்ளே உங்கள் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய பொருளுக்கும் அந்தப் பாலிசிக்கும் சம்பந்தமே இல்லை.

வாடகைதாரரும் தன் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்துக்கு மட்டும், பொருளுக்கு மட்டும், இரண்டுக்கும் சேர்த்து என்று மூன்று விதமாகவும் எடுக்கலாம். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து கொட்டும் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் ஆண்டு பிரீமியம் பொதுவாக ஒரு மாத வாடகையில் சிறு பங்குதான் வரும். வெள்ளச் சேதத்துக்கு அரசு தரும் நிவாரணம் என்பது வேறு. மிக்ஜாமுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கும் மாற்றுத் துணிக்கும் அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பணத்தில் வாஷிங் மெஷின் வாங்க முடியாது.

பாலிசியில் எது வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளைம் நேரத்தில் மனக்கசப்பு வருவது இங்கேதான்.

முதலாவது திருட்டு. வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் இந்தப் பாலிசி பொறுப்பேற்கும். ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்துத் திருடினார்கள் என்றால் அதற்குத் தனியாக 'பர்க்ளரி' கவர் வேண்டும். நகைக்கும் வெள்ளிக்கும் தனியாக மதிப்புச் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். ரொக்கம் வராது. வாசலில் நின்ற பைக் இதில் சேராது, அது வண்டி இன்சூரன்ஸில் பார்க்க வேண்டியது.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி டிவி எரிந்தால், அந்த டிவிக்குப் பணம் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவிச் சோபாவும் திரைச்சீலையும் எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். இதை விளக்கிச் சொல்லும்போது நம்பாமல் பார்ப்பவர்களே அதிகம்.

வாடகைதாரர் அடிக்கடி தவறவிடுவது இன்னொன்று. பாலிசி உங்கள் பெயரில் இருந்தாலும் அது ஒரு முகவரிக்கானது. அந்த வீட்டை விட்டு வெளியே எடுத்துப்போன பொருளுக்கு அது பொறுப்பாகாது. வீடு மாறினால், சாமான் ஏற்றுவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதி முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

சமையல் கேஸ் விஷயத்திலும் இதே முகவரிச் சிக்கல்தான். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக எடுத்திருக்கும் விபத்துக் காப்பீட்டில், சிலிண்டர் விபத்தால் வரும் சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் இணைப்பு பதிவான முகவரியில் விபத்து நடந்திருக்க வேண்டும். சொந்த ஊர் முகவரியில் இருக்கும் இணைப்பு, நண்பர் கொடுத்த சிலிண்டர் என்று சமாளிக்கும் பேச்சிலர் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தீ உங்கள் கவனக்குறைவால் பிடித்தால் ஓனரின் சுவருக்கு யார் பொறுப்பு? சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குடியேறியபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தரும் கடமையை வாடகைதாரர் மேல் வைக்கிறது. இயல்பான தேய்மானத்துக்கும், மனிதரால் தடுக்க முடியாத சேதத்துக்கும் மட்டும் விலக்கு. அயர்ன் பாக்ஸை ஆன் செய்தபடி விட்டுப் போனது அந்த விலக்கில் வராது. அட்வான்ஸில் கழிப்பதோடு நிற்காமல், ஓனருக்குப் பணம் கொடுத்த கம்பெனி உங்களிடமே அதை வசூலிக்க வரலாம். இதற்கான 'லயபிலிட்டி' கவரைச் சில நிறுவனங்கள் தனியாகத் தருகின்றன. கேட்டு வாங்குங்கள்.

சேதம் நடந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து இல்லை என்று உறுதியானதும் முதல் வேலை படம் எடுப்பது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, பொருளின் மாடல் எண் ஒட்டியிருக்கும் இடம், இரண்டும் தெரியட்டும். பிறகு கம்பெனிக்குத் தகவல். சர்வேயர் பார்க்கும் முன் பழைய இரும்புக்காரரிடம் எதையும் போடாதீர்கள். நாற்றம் தாங்க முடியாத மெத்தையையும் அரிசியையும் படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம், அதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கிளைமை நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் இத்தகைய புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பில் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டதே என்று கேட்பார்கள். அதே மழையில் வேறொரு வாடகை வீட்டில், பொருளுக்குப் பாலிசி எடுத்திருந்த இளம் தம்பதியரிடம் ஒரு பில்கூட இல்லை. குடிவந்து பால் காய்ச்சிய அன்று, ஊரிலிருந்த அம்மாவுக்குக் காட்ட வீடு முழுக்கச் சுற்றி எடுத்த மூன்று நிமிட வீடியோ ஒன்று மனைவியின் போனில் இருந்தது. ஃபிரிட்ஜ், ஏசி, கட்டில், மிக்ஸி வரை எல்லாம் அதில் தெரிந்தன. அதை வைத்துத்தான் என் பட்டியலை எழுதினேன்.