கடைவாசலுக்கு மேலே இருக்கும் சிற்பத்தைச் சுரண்டும் முன்

பிரான்ஸின் லியோன் நகரின் பழைய பகுதியில், ரூ து பஃப் தெருவின் 19ஆம் எண் வீட்டு முகப்பில் கல்லில் செதுக்கிய ஒரு பறவை இருக்கிறது. நம் கானமயிலின் இனம். ஆண்டு 1708. ‘வேட்டைக்கறி எல்லாவற்றையும்விட நானே உசத்தி’ என்று அதுவே தன்னைப் புகழ்ந்துகொள்கிறது. பாரிஸில் ரூ மூஃப்தார் 122ஆம் எண்ணில், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இருவர். அன்று இந்தச் சிற்பங்கள்தான் கடையின் பெயரும் முகவரியும். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பாரிஸ் வீடுகளுக்கு எண் போட்டது 1805இல்தான்.

தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரும்பு, மரப் பெயர்ப்பலகைகளைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தும்படி பாரிஸ் காவல்துறைத் தலைவர் சார்த்தின் 1761இல் உத்தரவிட்டார். சுவரிலேயே செதுக்கியவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. அவற்றுக்கு வரும் ஆபத்து வேறு: முகப்பைப் ‘புதுசாக்கும்’ வேலை.

கல் பராமரிப்பு வேலையில் நான் அதிகம் பார்க்கும் சேதம் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததால் வந்தது. சுண்ணாம்புக்கல் காலப்போக்கில் தன் மேல் ஒரு கெட்டியான தோலைக் கட்டிக்கொள்ளும். மணல் அதை உரித்துவிடும். உள்ளே இருக்கும் மென்மையான கல் மாவாக உதிரத் தொடங்கும். முதலில் போவது மூக்கு, விரல், எழுத்தின் விளிம்பு. சுத்தம் செய்த மறுநாள் என்னவோ பளிச்சென்றுதான் இருக்கும், அதனால் யாரும் குறை சொல்வதில்லை.

மழை படாத மடிப்புகளில் இருக்கும் கருப்பு வெறும் அழுக்கு இல்லை. கரிப்புகையில் இருந்த கந்தகம் கல்லோடு சேர்ந்து ஜிப்சமாகி, தூசியைப் பிடித்துவைத்திருக்கிறது. நுண்ணிய நீர்த்தூவல், ஈரப் பசையைப் பத்துப் போடுவதுபோல் அப்பி எடுப்பது, சில இடங்களில் லேசர் என்று பொறுமையாக எடுக்க வேண்டியது அது. அதற்கும் முன் உருப்பெருக்கியோடு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். இந்தச் சிற்பங்கள் பலவற்றுக்கு அந்தக் காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள்; மடிப்புக்குள் ஒரு துளிச் சிவப்பு மிஞ்சியிருந்தால்கூட அது பெரிய சாட்சி.

அப்புறம் சிமெண்ட். விரிசலில் அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல்லுக்குள் போகும்; உப்பு பூத்து அந்தக் கல் செதில் செதிலாக விழும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி. கல்லைவிடக் கலவை மென்மையாக இருக்க வேண்டும், தேய்வது கலவையாக இருக்கட்டும்.

பிரான்ஸில் பழைய கட்டடத்தில் கடை எடுக்கும் நம்மவர்களுக்கு: பெயர்ப்பலகைக்கோ கேமராவுக்கோ சிற்பத்தில் துளை போட விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் (பழைய லியோன் 1964 முதல் அப்படித்தான்) முகப்பில் கை வைக்கும் முன் நகராட்சியில் அனுமதி கேட்க வேண்டும். அரசின் பாரம்பரியக் கட்டட அதிகாரியும் பார்ப்பார். சிற்பம் ஒரு பக்கம் மட்டும் பச்சை பிடித்திருந்தால் சிற்பியைத் தேடாதீர்கள், மேலே மழைநீர்க் குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான்.