கருக்கலைப்புக்கு யார் கையெழுத்து வேண்டும்?

"வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து இல்லாம செய்ய முடியாதும்மா." இப்படிச் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால், அந்த மருத்துவமனை சட்டத்தில் இல்லாததைக் கேட்கிறது. இந்தியாவின் 1971 கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். அதற்கான 'சி' படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. 18 வயது ஆகாதவர், மனநோய் உள்ளவர் என்றால்தான் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

அடுத்தது வாரக் கணக்கு. பலர் தடுமாறுவது இங்கேதான். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து மருத்துவர்கள் எண்ணுவார்கள். நாள் தள்ளி இரண்டு வாரம்தானே ஆகிறது என்று நீங்கள் நினைக்கும்போது, அவர்கள் கணக்கில் ஆறு வாரம் ஆகியிருக்கும்.

2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி போன்ற சிலருக்குத்தான். அதற்கும் மேல் என்றால், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிரை உடனே காப்பாற்றியாக வேண்டிய நிலையில் வார வரம்பு இல்லை.

கல்யாணம் ஆகாதவர்? கருத்தடை தவறிய காரணத்தைச் சொல்ல முன்பு மணமானவருக்குத்தான் வழி இருந்தது. 2021-இல் 'கணவர்' என்ற சொல் 'துணைவர்' ஆனது. 24 வார வரம்பு மணமாகாதவருக்கும் பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் வலுக்கட்டாயமாக உறவு கொண்டு உண்டான கருவும், இந்தச் சட்டத்தின் கண்ணில் வன்புணர்வால் உண்டானதே என்றும் சொன்னது. குற்றவியல் சட்டமோ அந்தக் கணவருக்கு இன்னும் விலக்கு தருகிறது. விசித்திரம்தான்.

சரி, அப்படியானால் இது பெண்ணின் உரிமையா? முழுதாக இல்லை. சட்டம் மருத்துவருக்குத்தான் பாதுகாப்பு கொடுக்கிறது. உடல்நலம், மனநலம், கருத்தடைத் தவறு என்று ஏதாவது காரணம் வேண்டும். 'எனக்கு வேண்டாம்' என்பது மட்டும் சட்டத்தின் பார்வையில் காரணம் ஆகாது. சட்டத்துக்கு வெளியே, தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவில் குற்றவாளி ஆகலாம். 2023 அக்டோபரில், 26 வாரம் தாண்டிய ஒரு தாயின் மனுவை உச்ச நீதிமன்றமே நிராகரித்தது. நாளைக் கடத்தக் கூடாது என்பது இதனால்தான்.

ரகசியம் பற்றியும் பயம் வேண்டாம். சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் உங்கள் பெயரைச் சொன்னால், மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சிறுமி என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை. இதுவும் அதே 2022 தீர்ப்பில் இருக்கிறது. வாய்விட்டுக் கேளுங்கள்.