அடுப்பு எதைக் கெடுக்கிறது, எதைத் திறந்துவிடுகிறது

வடசென்னையில் ராயபுரம், பெரம்பூர் பக்கம் பூங்காவில் காலை நடை முடித்து வருகிறவர்களுக்காக வாசலிலேயே மேசை போட்டிருப்பார்கள். அருகம்புல் சாறு, நெல்லிச்சாறு, டப்பாவில் முளைகட்டிய பாசிப்பயறு, சீவிய கேரட். "வேக வெச்சா சத்தெல்லாம் பூடும் சார், பச்சையா சாப்ட்டாதான் ஒடம்புல ஒட்டும்" என்று வியாபாரம் நடக்கும். இந்தப் பேச்சை அப்படியே ஏற்கவும் முடியாது, ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. சூடு பட்டால் வைட்டமின் சி குறைகிறது. தக்காளியின் சிவப்பு நிறமியோ கூடுதலாக வெளிவருகிறது. முட்டைப் புரதம் செரிக்கவே சூடு தேவைப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்கு.

பச்சை உணவுக்காரர்கள் அடிக்கடி சொல்வது என்சைம் கதை. 48 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் காயிலுள்ள 'உயிருள்ள' என்சைம்கள் செத்துவிடும், பிறகு உடம்பு தன் கையிருப்பைச் செலவழித்து உணவைச் செரிக்க வேண்டியிருக்கும் என்பார்கள். என்சைம் என்பது ஒரு வகைப் புரதம். அதற்கு உயிர் கிடையாது. நூல்கண்டு போலக் குறிப்பிட்ட வடிவத்தில் சுருண்டிருக்கும் வரை வேலை செய்யும், சுருள் பிரிந்தால் நின்றுவிடும். சூடு அதைப் பிரிக்கும் என்பது சரிதான். ஆனால் பச்சையாக விழுங்கினாலும் வயிற்று அமிலமும், புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற செரிமான என்சைமும் சேர்ந்து பெரும்பாலானவற்றை அதே கதிக்குத்தான் ஆளாக்கும். அந்த என்சைம்களைச் செடி வைத்திருப்பது தான் பழுக்கவும் முளைக்கவும். நம் சோற்றைச் செரிக்க அல்ல. நமக்கு வேண்டியதைக் கணையம் அன்றாடம் புதிதாகச் சுரக்கிறது. தீர்ந்துபோகிற கையிருப்பு என்று ஒன்று இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: விழுங்குவதற்கு முன்பே வேலையை முடித்துவிடும் என்சைம்கள். முள்ளங்கியை வெட்டும்போது மூக்கில் ஏறும் கார நெடி, வெட்டுவதற்கு முன் அந்தக் கிழங்கில் இருப்பதில்லை. குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற என்சைம் வேறு அறையிலும் இருக்கின்றன. கத்தியோ பல்லோ செல்சுவரை உடைக்கும்போது இரண்டும் கலந்து காரப் பொருள் உருவாகிறது. முழுசாக வேகவைத்த முள்ளங்கியில் அந்த நெடி எழாததற்குக் காரணம், கலப்பதற்கு முன்பே என்சைம் செயலிழந்துவிடுவது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாம் இதே குடும்பம். புரோக்கோலியில் இப்படி உருவாகும் சல்ஃபோராஃபேன் என்ற பொருளை 2008-இல் நெதர்லாந்தில் மனிதர்களிடம் அளந்தார்கள். பச்சையாகத் தின்றபோது சுமார் 37 சதவீதம் உடம்பில் சேர்ந்தது, வேகவைத்துத் தின்றபோது 3.4 சதவீதம்தான். இந்த ஒரு விஷயத்தில் பச்சைக் கட்சிக்கே வெற்றி.

அதற்காகப் பச்சையாகவே கடிக்க வேண்டும் என்றில்லை. பொடியாக நறுக்கி அரை மணி முதல் 40 நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றினால் போதும். என்சைம் அதற்குள் வேலையை முடித்திருக்கும். உருவான பொருள் என்சைமைவிடச் சூட்டைத் தாங்கும். இறக்கியபின் பச்சைக் கடுகுப் பொடி கொஞ்சம் தூவினாலும் கடுகிலுள்ள மைரோசினேஸ் அதே வேலையைச் செய்யும். எண்ணெயில் வெடித்த தாளிப்புக் கடுகு உதவாது, அதில் என்சைம் போயே போய்விட்டது. பூண்டுக்கும் இதே விதிதான்: நசுக்கிப் பத்து நிமிடம் கழித்துச் சட்டியில் போட வேண்டும்.

வைட்டமின் சி பற்றிய குற்றச்சாட்டு உண்மை, ஆனால் பாதிக் கதை. 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினார்கள். வைட்டமின் சி சுமார் 29 சதவீதம் குறைந்தது. அதே தக்காளியிலிருந்து கிடைத்த லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. லைக்கோபீன் புதிதாக முளைக்கவில்லை. செல்சுவருக்குள் பூட்டிக் கிடந்ததைச் சூடு வெளியே விட்டது. கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டினும் அப்படித்தான்: பச்சையாக நறுக்கியதில் 41 சதவீதமும், வேகவைத்து மசித்ததில் 65 சதவீதமும் உள்ளே சேர்ந்ததாக 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இந்த நிறமிகள் கொழுப்பில் கரைபவை. எண்ணெயே இல்லாமல் சாலட் தின்றவர்களின் ரத்தத்தில் இவை ஏறவே இல்லை என்று 2004-இல் அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். வெறும் கேரட்டை மென்றுவிட்டுக் கண்ணுக்கு நல்லது என்று திருப்திப்படுவதைவிட, ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்ப்பது மேல்.

வைட்டமின் சி பெருமளவு தொலைவது சூட்டைவிடத் தண்ணீரில். காயை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் சத்து சாக்கடைக்குப் போகிறது. சாம்பாரிலும் ரசத்திலும் அந்த நீரையே குடித்துவிடுகிறோம். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிவது, மூடிபோட்டுக் குறைந்த நீரில் வேகவைப்பது போன்ற சின்னப் பழக்கங்களே போதும். நடுத்தரமான ஒரு கொய்யாவில் ஒரு நாளுக்குத் தேவையானதைவிட அதிகம் இருக்கிறது. பீன்ஸ் பொரியலில் போன வைட்டமின் சிக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

குத்துச்சண்டைக்கும் ஜிம்முக்கும் பேர்போன வடசென்னையில் பச்சை முட்டையை உடைத்து அப்படியே விழுங்குகிற தம்பிகள் இன்னும் இருக்கிறார்கள். 1998-இல் பெல்ஜியத்தில் ஐந்து பேரிடம் நடந்த சோதனையில் வேகவைத்த முட்டைப் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். சுருண்ட புரதத்தை வெட்ட நம் என்சைம்களுக்கு வழி கிடைப்பதில்லை. போதாததற்கு, புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற என்சைமைத் தடுக்கும் பொருளும் வெள்ளைக்கருவில் இருக்கிறது. அதிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு முட்டை குடித்தால் கணக்கில் சேர்வது இரண்டு.

வருடக்கணக்கில் பச்சையாகவே சாப்பிட்டவர்களை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான ஆய்வில் 513 பேர். எடை நன்றாகக் குறைந்தது, சிலருக்கு அளவுக்கு மீறி. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தடுமாறியது அல்லது நின்றே போனது. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது, ஆனால் நல்ல கொழுப்பும் குறைவு. 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. கிடைத்த நன்மையைப் பச்சைத்தன்மையின் கணக்கில் எழுத முடியாது. பஜ்ஜி, பரோட்டா, இனிப்பு பானம் எல்லாம் போய் அந்த இடத்தில் காயும் பழமும் வந்தால் எடையும் கொழுப்பும் குறையத்தான் செய்யும். வேகவைத்த காய் வந்திருந்தாலும் பெரும்பகுதி பலன் அதேதான்.

பச்சை உணவில் பெரிய கவலை சத்தைவிடக் கிருமியைப் பற்றித்தான். பயறு முளைக்க ஈரமும் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். பாக்டீரியாவுக்கும் அதுவே தோது. விதையின் வெடிப்புக்குள் ஒளிந்திருப்பது ஓரிரு நாளில் லட்சக்கணக்கில் பெருகிவிடும், கழுவினாலும் வராது. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை என்ற பாக்டீரியா ஏறத்தாழ 3,900 பேரைத் தாக்கியது; 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை வெயிலில் காலையிலிருந்து டப்பாவில் கிடக்கும் முளைப்பயறை வாங்கவே வேண்டாம். வீட்டில் முளைகட்டினால் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் நன்றாக ஆவி வரும்படி வைத்து எடுங்கள். முளைகட்டியதால் குறைந்த ஃபைட்டேட் (இரும்புச் சத்து சேர்வதைத் தடுக்கும் பொருள்) அதனால் திரும்ப வந்துவிடாது.

முட்டைக்கோஸ் 'புழு' மூளைக்கு ஏறும் என்ற பயம் வேறொன்றைச் சுற்றி வந்த வதந்தி. இலையில் நெளியும் பச்சைப் புழு ஒன்றும் செய்யாது. மனித மலம் கலந்த மண்ணோ நீரோ பட்ட இலையில் ஒட்டியிருக்கும் பன்றி நாடாப்புழுவின் முட்டைதான் ஆபத்து. அது உள்ளே போனால் மூளையில் நீர்க்கட்டியும் வலிப்பும் வரலாம். மேலிலைகளை உரித்தெறிந்து, மற்றதை ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். குடத்தில் பிடித்துவைத்த தண்ணீர் என்றால் மூன்று முறை மாற்றுங்கள். உப்பும் மஞ்சளும் கலந்த நீர் பூச்சியை உதிர்க்கும், கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. குளோரின் வேண்டுமென்றால், வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்) திரவம் லிட்டருக்கு 1 மில்லி. ஐந்து நிமிடம் ஊறவைத்துக் குடிநீரில் அலச வேண்டும். பாக்டீரியாவுக்கு அது போதும், நாடாப்புழு முட்டைக்குப் போதாது. அதற்குத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கும் பர்மிய நூடுல்ஸான அத்தோவில் போடும் பச்சைக் கோஸுக்கும் இது பொருந்தும்; சீவிக் குவித்து எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காரலாம்.

சிலவற்றைப் பச்சையாகத் தொடவே கூடாது. ராஜ்மாவில் நாலைந்து பச்சை விதையே வாந்தி வரவைக்கும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் 80 டிகிரி வரையான அரைச் சூட்டில் இன்னும் மோசமாகும். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டி, புதுநீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். பச்சை மரவள்ளியிலிருந்து சயனைடு வெளிப்படும்.

அடுப்புக்கும் அடங்காத நஞ்சுகள் உண்டு. சுரைக்காய் கசந்தால் அது குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு. சாறாகக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள். கசப்புச் சாற்றைக் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவே எச்சரித்திருக்கிறது. அரைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. இஞ்சி, எலுமிச்சை போட்டுக் கசப்பை மறைப்பதுதான் பெரிய தப்பு. காசிமேட்டில் வாங்கும் சூரை, கானாங்கெளுத்தியில் வேறு சிக்கல்: ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் மீனில் பாக்டீரியா ஹிஸ்டமினை உருவாக்கும்; ஒவ்வாமை போன்ற தொல்லை தருவது அதுதான். குழம்பு கொதிக்கும்போது பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். துண்டைக் கடித்ததும் மிளகு பட்டது போல நாக்கு சுரீரென்றால் மசாலாக் காரம் என்று நினைத்து விழுங்கிவிடாமல் துப்பிவிடுங்கள்.