பழைய காணி உறுதியில் தூசியும் தசமப் புள்ளியும்: இழிவு, உயர்வு வடிகட்டிகளைப் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

வன்னியில் ஆவணங்களை ஸ்கான் செய்து துப்புரவாக்கும் தொழிலில் இருப்போரிடம் வரும் தாள்கள் சாதாரணமானவை அல்ல. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் புதைக்கப்பட்டவை, மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை, கறையான் அரித்தவை, இனியாவது அழியாமல் இருக்கட்டும் என்று ஈரம் உலரும் முன்பே லமினேட் செய்யப்பட்டவை எனப் பலவகை. காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உரிமையைச் சுமந்து வருகிறது. இவற்றில் உள்ள கறையையும் தூசியையும் நீக்க நம்மில் பலர் முதலில் எடுப்பது இழிவு வடிகட்டியும் உயர்வு வடிகட்டியும்தான். மென்பொருளில் இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும் அந்த வேலை ஆவணத்தின் உள்ளடக்கத்தையே மாற்றக்கூடும் என்பதை இத்தொழிலில் உள்ளவர்களும் படத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

வடிகட்டி செய்வது மிக எளிய கணக்கு. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு பெறுமானம் உண்டு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. மூன்றுக்கு மூன்று சாளரம் ஒன்றை ஒரு பிக்சலின் மீது வைத்தால் அதனோடு சேர்த்து ஒன்பது பெறுமானங்கள் கிடைக்கும். அவற்றில் மிகச் சிறியதை இழிவு வடிகட்டியும் மிகப் பெரியதை உயர்வு வடிகட்டியும் அந்தப் பிக்சலின் புதிய பெறுமானமாக வைக்கும். வெற்றுத் தாளில் ஒரு தூசி விழுந்த இடத்தில் அவை 212, 208, 215, 210, 30, 214, 209, 211, 213 என்று இருப்பதாகக் கொள்வோம். நடுவில் உள்ள 30தான் தூசி. உயர்வு வடிகட்டி அந்த இடத்தில் 215ஐ வைக்கும், தூசி மறைந்துவிடும். இழிவு வடிகட்டி 30ஐயே வைக்கும்; அதோடு நில்லாமல் சுற்றியுள்ள எட்டுப் பிக்சல்களுக்கும் அதே 30 பரவி, ஒரு பிக்சல் தூசி ஒன்பது பிக்சல் கட்டியாகும். வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்கும் இடைய வடிகட்டி 211ஐ வைக்கும். ஆகவே கறுப்புத் தூசிக்கு உயர்வு வடிகட்டி, எழுத்தின் உள்ளே மை உதிர்ந்து தெரியும் வெள்ளைப் பொட்டுக்கு இழிவு வடிகட்டி என்று பாடநூல்கள் சொல்வது சரியே. ஆனால் அந்த முப்பது தூசியா, யாரோ ஒருவர் பேனாவால் வைத்த புள்ளியா என்பதை இந்தக் கணக்கில் எங்கும் எவரும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கை ஒரு துறையாக வளர்த்தவர்கள் ஜோர்ஜ் மாத்தெரோனும் ஜோன் செறாவும் ஆவர். 1964இல் பாரிஸ் சுரங்கவியல் கல்லூரியைச் சார்ந்து, தாதுக்கற்களின் குறுக்குவெட்டில் உள்ள மணிகளை ஆராய்வதற்காக அவர்கள் இதில் இறங்கினார்கள். அங்கே கேள்வியே அளவு பற்றியது என்பதால் கருவி பொருத்தமாக இருந்தது. அரிதட்டு எப்படித் துளையின் அளவை மட்டும் கொண்டு பிரிக்கிறதோ அப்படியே இந்த வடிகட்டிகளும் சாளரத்தின் அளவை மட்டும் கொண்டு பிரிக்கின்றன.

தமிழ் ஆவணத்தில் அளவால் மிகச் சிறியது புள்ளி. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற நுணுக்கத்தில் ஸ்கான் செய்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.085 மில்லிமீற்றர். 0.4 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு மெய்யெழுத்துப் புள்ளி அதில் ஐந்து பிக்சல் அகலமாக விழும். மூன்றுக்கு மூன்று உயர்வு வடிகட்டியை ஒருமுறை செலுத்தினால் கறுப்பு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிக்சல் குறைந்து புள்ளி மூன்று பிக்சலாகும்; இரண்டாம் முறை ஒன்றாகும்; மூன்றாம் முறை இல்லாமல் போகும். 150 நுணுக்கத்தில் ஸ்கான் செய்த படத்தில் அதே புள்ளி இரண்டு மூன்று பிக்சல்தான் என்பதால் முதல் முறையிலேயே போய்விடலாம். ‘கந்தன்’ என்ற பெயர் ‘கநதன’ ஆனால் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். அதே ஆவணத்தில் காணியின் பரப்பு 1.25 என்று எழுதப்பட்டிருந்து அதன் தசமப் புள்ளி போனால் ஊகிக்க வழியில்லை. ஓர் ஏக்கரும் கால் ஏக்கருமாக இருந்த காணி தாளில் 125 என்று நிற்கும். அருகில் உள்ள தூசியும் சேர்ந்தே போயிருப்பதால் தாள் முன்னைவிட அழகாகவும் நம்பத்தக்கதாகவும் தோற்றமளிக்கும். இதுவே என்னை மிகவும் கவலைப்படுத்துவது.

இழிவு வடிகட்டி எதிர்ப்பக்கத்தில் தவறுகிறது. மங்கிய மையைக் கறுப்பாக்கித் தரும் என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்ளே உள்ள வெளிகள் அடைபடும்: ‘கீ’யின் மேற்சுழி நிரம்பி ‘கி’யோடு மயங்கும், 3இன் வாய் மூடி 8 ஆகும். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண்ணில் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், பெண்களாயின் அதனோடு 500 கூட்டியும், காட்டுகின்றன. அங்கே 63 என்பது 68 ஆனால் ஐந்து வருட வயது வேறுபாடு. பழைய உறுதிகளில் கையொப்பத்துக்குப் பதிலாக இருக்கும் பெருவிரல் அடையாளமும் இவ்வாறே பாதிக்கப்படும். விரல் ரேகைகள் சுமார் அரை மில்லிமீற்றருக்கு ஒன்றாக அமைவதால் 300 நுணுக்கத்தில் இரு ரேகைகளுக்கு இடையிலான வெளி மூன்று பிக்சல் அளவுதான். இழிவு வடிகட்டியை இரண்டு முறை செலுத்தினால் அவ்வெளி மூடி, அடையாளம் வெறும் மைக்கறையாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இதைச் செய்யவே கூடாது. அது சுருக்கப்பட்ட படம். எழுத்துகளைச் சுற்றி எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக மெல்லிய சாம்பல் அழுக்கு ஏற்கனவே இருக்கும். இழிவு வடிகட்டி அந்த அழுக்கில் மிகக் கரியதைத் தேடியெடுத்துப் பரப்பும்.

இரண்டு வடிகட்டிகளையும் அடுத்தடுத்துச் செலுத்தினால் இழந்தது திரும்பிவிடும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. முதலில் உயர்வு, பின் அதே அளவில் இழிவு என்று செலுத்தும்போது மெலிந்த கோடுகள் பழைய தடிப்புக்குத் திரும்புவது உண்மைதான். ஆனால் முதற் படியில் முற்றாக மறைந்த புள்ளி இரண்டாம் படியில் திரும்பாது, ஏனெனில் வளர்வதற்கு அங்கே ஒரு பிக்சலும் மிச்சமில்லை. முதலில் இழிவு, பின் உயர்வு என்று மாற்றிச் செய்தால் உடைந்த கோடுகள் ஒட்டும்; ஒட்டக் கூடாதவையும் ஒட்டும். எழுத்து கறுப்பாக இருக்கும் தாளில் ஓபன்சிவி என்ற படச் செயலாக்க நிரல் நூலகத்தில் உயர்வு வடிகட்டிக்கு ஒப்பான ‘டைலேட்’ எழுத்தை மெலியச் செய்யும் என்பதையும் புதிதாக நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அது பெருக்குவது வெளிச்சத்தையே.

இவற்றைக் கொண்டு உயர்வு வடிகட்டியை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு மிகச் சிறந்த பயன் ஒன்று உண்டு, அதுவும் நனைந்து பழுப்பேறிய தாள்களுக்கு. படத்தின் ஒரு பிரதியை எடுத்து, எழுத்துக் கோட்டின் தடிப்பைவிடப் பெரிய சாளரத்தில், உதாரணமாக 31க்கு 31 அளவில், உயர்வு வடிகட்டியைச் செலுத்துங்கள். எழுத்துகள் எல்லாம் மறைந்து வெறும் தாளின் நிறமும் கறையும் நிழலும் மட்டும் மிஞ்சும். அதைச் சற்று மங்கலாக்கி, மூலப்படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் அதன் நேரொத்த பிக்சலால் வகுத்து 255ஆல் பெருக்கினால், நீர்க்கறை பெருமளவு நீங்கித் தாள் வெளுக்கும். எழுத்தின் தடிப்பும் புள்ளியும் இருந்தபடியே இருக்கும். வடிகட்டி இங்கே எழுத்தைத் தொடவில்லை, பின்னணியை அளந்து தந்தது மட்டுமே. சாளரத்தைவிட அகலமான கரும்பகுதிகளை இதுவும் கறை என்றே எண்ணும் என்பதால், அட்டையில் ஒட்டிய படம் இருக்கும் பகுதியை முன்கூட்டியே விலக்கிவிட வேண்டும்.

முகப்படங்களுக்கு இன்னும் கூடிய கவனம் தேவை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வாறு பிள்ளையைத் தேடும் அம்மா ஒருவர் சிறிய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொடுக்கும்போது அதில் உள்ள ஒவ்வொரு பொட்டும் சான்றாகலாம். உண்மையில் மூன்று மில்லிமீற்றர் உள்ள மச்சம் அத்தகைய படத்தில் 300 நுணுக்கத்தில் நான்கு பிக்சல் அளவில் இருக்கும். உயர்வு வடிகட்டியை இரண்டு முறை செலுத்தினால் அது போய்விடும். கண்மணியில் தெரியும் வெளிச்சப் பொட்டோ ஒன்றிரண்டு பிக்சல்தான். இழிவு வடிகட்டி முதல் முறையிலேயே அதை அணைத்து முகத்தை வேறொருவருடையது போலாக்கிவிடும். முகத்தில் உள்ள கீறலையும் தூசியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எது மச்சம், எது தழும்பு என்று வீட்டாரிடம் கேட்டுக் கையால் நீக்குவதே முறை. நேரம் பிடிக்கும், அதற்குரிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஆவணங்களை 600 நுணுக்கத்தில் நிறத்தோடு ஸ்கான் செய்து, சுருக்காத டிஃப் கோப்பாக முதலில் சேமித்து, அதன் மீது எதையும் செய்யாதிருங்கள். துப்புரவாக்கிய பிரதியை வேறு கோப்பாக வைத்து, எந்த வடிகட்டி, எத்தனை பிக்சல் சாளரம், எத்தனை முறை என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அச்சிட முன் இரண்டையும் அருகருகே வைத்து இலக்கங்கள், தசமப் புள்ளிகள், பெயர்கள் ஆகியவற்றை விரல் வைத்து ஒப்பிடுங்கள். பிரதேச செயலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ கொண்டுபோகக் கேட்பவருக்கு மூலக் கோப்பின் அச்சையே கொடுங்கள். துப்புரவான பிரதி வீட்டில் வாசிப்பதற்கு. எழுத்து உண்மையிலேயே அழிந்துபோயிருந்தால், உறுதியாயின் காணிப் பதிவகத்திலும், பிறப்புச் சான்றிதழாயின் பதிவாளரிடமும் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கும்படி அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.