ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தஞ்சைப் பக்கத்துப் பழைய நெல்லளவில் 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஒரு கல நெல்லை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேர் என எப்படிப் பங்கு போட்டாலும் குறுணியை உடைக்க வேண்டாம். 10 குறுணி ஒரு கலமாக இருந்திருந்தால் மூன்று பங்காளிகள் வந்தாலே களத்தில் தகராறுதான். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. கலத்தை நாழியாக எண்ணினால் 96, காரணிகள் 12. ஆனால் 60-க்கே 12 இருக்கிறது, ஆகவே 96 தேறாது.

தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சும் எண்ணுக்கு 'உயர் பகு எண்' என்று பெயரிட்டவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும். 12 = 2² × 3¹, எனவே 3 × 2 = 6.

பகா எண்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் காரணிகள் குவியும் என்று தோன்றும். 2 × 3 × 5 × 7 × 11 × 13 = 30,030; காரணிகள் 64. இதில் 13-ஐக் கழற்றிவிட்டு 2 × 2 × 3, அதாவது 12-ஐப் போடுங்கள். எண் 27,720 ஆகச் சிறுக்கிறது. காரணிகளோ 96 ஆகின்றன! எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1 முதல் 8 வரை பெருக்கினால் 40,320, அதாவது 2⁷ × 3² × 5 × 7. இதற்கும் 96 காரணிகள்தான். 2-இன் அடுக்கு தேவைக்கு மேல் ஏறிவிட்டது. நான்கு 2-களை (16) எடுத்துவிட்டு ஒரு 11 வைத்தால் அதே 27,720 வரும். உயர் பகு எண்ணைத் தேடுவது முழுக்க இந்தப் பண்டமாற்றுதான்.

மாற்றிப் பார்த்தால் சில விதிகள் தாமாகவே வரும். பகா எண்கள் 2-இல் தொடங்கி இடைவெளியின்றி வர வேண்டும். 7-ஐ விட்டுவிட்டு 11 இருந்தால், 11-க்குப் பதில் 7 வைத்து எண்ணைக் குறைக்கலாமே. அதே காரணத்தால் அடுக்குகளும் இடமிருந்து வலமாக ஏறக் கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதுதான் கடினமான விதி. 4, 36 மட்டும் விலக்கு. அதை ராமானுஜன் நிறுவினார்.

அவர் கட்டுரையிலுள்ள பட்டியல் 67,46,32,83,88,800 வரை போகிறது. கிட்டத்தட்ட ஆறே முக்கால் லட்சம் கோடி. பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2⁵ = 10,080. கணிப்பொறி இல்லாத காலத்துப் பட்டியல். அதில் ஒரே ஒரு எண்தான் விடுபட்டது: 2,93,31,86,25,600. இதற்கு 5,040 காரணிகள்.

அடுத்த உயர் பகு எண் 3,21,25,37,32,800, காரணிகள் 5,376. விடுபட்டதிலிருந்து ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்து (21) ஒரு 23-ஐப் போட்டால் இது வந்துவிடும். எண் 23/21 மடங்கு, காரணிகள் 16/15 மடங்கு. இவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒன்றைத் தவறவிடுவது பெரிய குற்றமில்லை.

பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். மிகச் சரியாக 2,93,31,86,25,600 கிடைக்கும். புதிய பகா எண் ஒன்று சேர்ந்தால் காரணிகள் இரட்டிக்கும் என்பதால் 5,040 அங்கே 10,080 ஆகிறது. 60 காரணிகள் கொண்ட 5,040-உம் 72 காரணிகள் கொண்ட 10,080-உம் உயர் பகு எண்களே.